அக்கா பாத்துப்பாங்க

கறுவிக்கொண்டு படித்தால் கணக்கு வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் சின்ன வயதிலேயே யார் மேலாவது கறுவ ஆரம்பித்திருப்பேன். ஆளா கிடைக்காது?

எங்கள் குடும்பத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு டீச்சர் மேல்தான் விழ வேண்டும். மயிலாப்பூருக்கும் கடலுக்கும் நடுவில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் வீடு. அத்தை டீச்சர், சித்தி டீச்சர், கூடப் பிறந்த இரண்டு பேரும் டீச்சர். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடினால் அது வீடாகவே இருக்காது, ஸ்டாஃப் ரூமாகிவிடும். போர்ஷன் முடிந்ததா, பேப்பர் திருத்தியாச்சா என்றுதான் பேச்சு ஓடும். நான் சமையலறையில் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருப்பேன். ஏனென்றால் நான் பத்தாவது ஃபெயில். மற்ற பாடமெல்லாம் பாஸ், கணக்கு மட்டும் போனது.

ஃபெயிலான வருஷம் அப்பா என்னை தி.நகரில் ஒரு டுட்டோரியலில் கொண்டுபோய் விட்டார். பாத்திரக்கடைக்கு மேலே மாடியில் மூன்று அறை. நடத்துகிறவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். முதல் நாள் நான் விண்ணப்பம் எழுதுவதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "ஏம்மா, எழுத்து முத்து முத்தா இருக்கே! ஆபீஸ்ல இருக்கிற பொண்ணு ஊருக்குப் போயிருக்கு. அது வர்ற வரைக்கும் இந்த மேஜையில உக்காரு. வந்ததும் கிளாசுக்குப் போயிடு."

அந்தப் பெண் வரவே இல்லை. நான் கிளாசுக்குப் போகவும் இல்லை.

இதைச் சொன்னால் கேட்கிறவர்கள், "நீ எழுதியிருக்கலாமே, யார் தடுத்தது?" என்கிறார்கள். யாரும் தடுக்கவில்லை, வாஸ்தவம்தான். ஆனால் பத்தாவது பரீட்சை எப்போது வரும்? டுட்டோரியலுக்கு சீசன் எப்போதோ அப்போதுதான் வரும். விண்ணப்பம் போட வேண்டும், ஹால் டிக்கெட் எடுத்துத் தர வேண்டும், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த வேண்டும், அதைவிட அதிகமாக அழுகிற அம்மாவைச் சமாதானப்படுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் சாரிடம் போய் நிற்பேன். "அடுத்த தடவை எழுதிக்கலாம்மா, இப்ப சீசன்" என்பார். சிரித்த முகமாகத்தான் சொல்வார். கல்யாணம் ஆயிற்று, பெண் பிறந்தாள், பெண்ணே பத்தாவது பாஸ் பண்ணிக் காலேஜுக்கும் போய்விட்டாள். எனக்கு மட்டும் அடுத்த தடவை வரவே இல்லை. முன் மேஜையில் உட்கார்ந்து ஊரில் உள்ள பிள்ளைகளை எல்லாம் பாஸ் பண்ண அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு. ரிசல்ட் வந்த மறுநாள் படிக்கட்டு வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டுவோம். பாஸானவர்கள் போட்டோ, கீழே மார்க். அதில் பாதிப் பேர் ஒழுங்காக வகுப்புக்கு வந்திருக்க மாட்டார்கள். ஒரு வாரம் வந்து நின்றவன் இருப்பான், வெறும் மாதிரி வினாத்தாள் வாங்கிக்கொண்டு போனவள் இருப்பாள். "நம்ம படிக்கட்டு ஏறினவன் எல்லாம் நம்ம பையன்தான், போன் பண்ணி போட்டோ வாங்கும்மா" என்பார் சார். எல்லா டுட்டோரியலும் இதைத்தான் செய்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சாருக்கு வயதாகிவிட்டது, ஒரு தடவை நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தார். அதனால் வெளிநாட்டில் இருந்த மகன் திரும்பி வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? கிண்டியிலிருந்து ஒரு கன்சல்டன்ட்டைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த வெயிலிலும் கோட்டு போட்ட மனுஷன். எங்கள் எல்லோரையும் பெரிய வகுப்பறையில் உட்கார வைத்தார்கள். ஒரு நிறுவனம் என்றால் நாளைக்கு யார் இல்லாவிட்டாலும் அது நிற்காமல் நடக்க வேண்டும், அதற்கு ஒரு திட்டம் வேண்டும், அதைத்தான் இன்றைக்குப் போடப் போகிறோம் என்றார் கோட்டுக்காரர். நல்ல விஷயம்தான் என்று நானும் நினைத்தேன்.

ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். கணக்கு மாஸ்டரைப் பார்த்து, "நீங்க திடீர்னு வரலேன்னா யாரு பாத்துப்பாங்க?"

"பசங்களுக்கு ஒரு டெஸ்ட் பேப்பர குடுத்து உக்கார வெச்சிடுவாங்க சார், அக்கா பாத்துப்பாங்க."

"கம்ப்யூட்டர்ல இருக்கிற பொண்ணு லீவுன்னா?"

"அக்கா பாத்துப்பாங்க."

"வாட்ச்மேன் வரலேன்னா?"

"சாவி அக்கா கைல தான் சார் கீது."

கடைசியில் மகனே சொன்னார், "அப்பாவும் நானும் ஊர்ல இல்லேன்னாலும் அக்கா பாத்துப்பாங்க" என்று. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மடச்சி! கோட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சரி, அக்கா வரலேன்னா?"

மகன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: "அக்கா எங்க சார் போகப் போறாங்க? டென்த் ஃபெயில். வேற எவன் வேலை குடுப்பான்?"

கொல்லென்று சிரித்தார்கள். மகன் சொன்னதைக்கூட விட்டுவிடலாம், நேற்று வந்த ஆள். சார் சிரித்தார். காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, காபி தளும்பத் தளும்ப, வயிறு குலுங்கச் சிரித்தார். என்னை அந்த மேஜையில் உட்கார வைத்தவர், வருஷா வருஷம் அடுத்த தடவை என்றவர், அவர் சிரித்தார். எல்லோரும் சிரிக்கிறார்களே என்று நானும் பல்லைக் காட்டிவிட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்த இடத்தில்தான் வயிறு எரிகிறது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்குக் கோடம்பாக்கத்தில் சினிமாவில் லைட்மேன் வேலை. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அதுக்கு இன்னா இப்போ? எங்க செட்ல கேமராமேன் காலைலேர்ந்து திட்டிக்கினே கீறாரு. நான் இன்னா மனசுல வெச்சிக்கினா கீறேன்? வுடு."

"நீ வெச்சுக்காத. நான் வெச்சுக்குவேன்."

"வெச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

"பாஸ் பண்ணுவேன்."

அவர் கை சோற்றிலேயே நின்றது. பிறகு, "அடிப்பன்னு பாத்தா பரிச்ச எழுதப் போறேன்றியே" என்றார்.

எங்கே படிப்பது? எங்கள் மாடியிலேயே வகுப்பு இருக்கிறது. ஆனால் அங்கே படித்து நான் பாஸானால் பெயர் அவர்களுக்குப் போகும். செத்தாலும் அது மட்டும் கூடாது என்று முடிவு செய்தேன். எங்கள் கோயில் ஹாலில் சாயங்காலம் ஒரு வகுப்பு நடக்கும். படிப்பை விட்ட பெரியவர்களுக்கு, காசு கிடையாது. சொல்லித் தருகிறவள் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த குடும்பத்துப் பெண்தான், பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். என் வயதில் பாதி இருப்பாள். அவள் என்னை அக்கா என்பாள், நான் அவளை மிஸ் என்பேன். முதல் நாள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தபோது முழங்கால் மேஜையில் இடித்தது.

அங்கே வருகிறவர்கள் எல்லோரும் வேலை முடிந்து வருகிறவர்கள். ஆழ்வார்பேட்டை அபார்ட்மென்ட்டில் சமையல் செய்கிற பெண், ஒரு செக்யூரிட்டி, அடையாறு ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவர் ஒருத்தர். ஒரே நேரத்துக்கு யாராலும் வர முடியாது. அதனால் மிஸ் ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் வருகிறவருக்கு மட்டும்தான் அவள் சொல்லித் தருவாள். அவர் அடுத்து வருகிறவருக்குச் சொல்லித் தர வேண்டும், அவர் அதற்கடுத்து வருகிறவருக்கு. மிஸ் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள், தப்பாகச் சொன்னால்தான் வாயைத் திறப்பாள். சில நாள் வேண்டுமென்றே கடைசியில் வருவாள். வந்து, "எனக்கு யாரு சொல்லித் தரப் போறீங்க?" என்று பெஞ்சில் உட்காருவாள்.

"இன்னா மிஸ், சம்பளம் வாங்காம இருக்கசொல்லோ வேலையும் செய்ய மாட்ட போல கீது" என்பார் ஆட்டோக்காரர்.

"மீட்டர் போடாத ஆளு நீ. கணக்கு போட வந்துட்டு மிஸ்ஸ பேசுறியா?" என்பேன் நான்.

"யக்கா, மீட்டரு வேற, மேத்ஸ் வேற. மேட்டர கலக்காத."

எனக்குக் கணக்கு என்றாலே பயம். கிராஃப் தாளைப் பார்த்தாலே பழைய பள்ளிக்கூடத்து வாசனை வந்துவிடும். அப்படி வரும்போதெல்லாம் சார் சிரித்ததை நினைத்துக்கொள்வேன். காபி டம்ளர், குலுங்குகிற வயிறு. சிரிடா சிரி என்று பல்லைக் கடித்துக்கொண்டு புள்ளி வைப்பேன், கோடு இழுப்பேன். வட்டத்துக்குத் தொடுகோடு வரையும்போது காம்பஸை அவர் வழுக்கைத் தலையில் ஊன்றுவதாக நினைத்துக்கொள்வேன். வட்டம் என்னவோ அழகாக வந்தது. பகலில் அதே ஆளுக்கு, "சார், காபி சூடா இருக்கு, பாத்து" என்று நானே எடுத்துக்கொடுத்துவிட்டு வருவேன்.

மனசு உறுத்தாமல் இல்லை. கோயிலில் பாவசங்கீர்த்தனம் பண்ணும்போது சாமியாரிடம் சொன்னேன், ஒருத்தர் மேல் வஞ்சம் வைத்திருக்கிறேன் என்று. "அவருக்காக ஒரு ஜெபம் பண்ணும்மா" என்றார். முழங்கால் போட்டுப் பண்ணினேன். ஆண்டவரே, நான் பாஸாகிற வரைக்கும் அந்த மனுஷனுக்கு நல்ல ஆரோக்கியத்தைக் குடும், அவர் கண்ணால் பார்க்க வேண்டும் என்று.

மழைக்காலம் முடிந்த ஒரு நாள் மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளைக்குப் பெங்களூரில் வேலை.

"நான் போன பிறகு இந்த கிளாஸ நீங்க எடுத்துக்கணும் அக்கா. கோயில் கமிட்டில பேசிட்டேன். ஒரு பொறுப்பாளர் வேலையா போட்டுத் தர்றேன்னு சொல்றாங்க."

"மிஸ், நான் டென்த் ஃபெயில்."

"தெரியும். கமிட்டியும் அதத்தான் கேக்குறாங்க, பாஸாயிருந்தா போதும்னு. பாஸாயிட்டு எடுத்துக்கோங்க."

அன்றைக்கு வரைக்கும் பாஸாவது எனக்கு ஒரு வீம்பு. அன்றைக்கு அது ஒரு வாசலாகிவிட்டது. கணக்கில் பாஸ் என்றால் அந்த மேஜையை விட்டு எழுந்து போகலாம். ஃபெயில் என்றால் மறுபடி அடுத்த தடவைதான், மறுபடி சாருக்கு காபிதான். இதை நினைத்தால் இராத்திரி சோறு இறங்காது.

பரீட்சை அட்டவணை வந்தது. தனித்தேர்வராக நான் விண்ணப்பித்திருந்தது டுட்டோரியலில் ஒருத்தருக்கும் தெரியாது. கணக்குப் பரீட்சை அன்றைக்குத்தான் எங்கள் ஆபீஸில் வருஷத்திலேயே அதிக அமளி. சாரிடம் போய் நேராகவே கேட்டேன்.

"சார், கணக்கு பரீட்சை அன்னைக்கு எனக்கு லீவு வேணும்."

"கணக்கு அன்னைக்கா? விளையாடுறியாம்மா? பசங்க போன் மேல போன் போடுவாங்க. யாரு பாத்துப்பாங்க?"

ஏன் லீவு என்று அவர் கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே ஒரு தடவை, எதுக்கும்மா லீவு என்று அவர் கேட்டிருந்தால் நான் உடைந்துபோய் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். வஞ்சமும் போயிருக்கும். அவர் அதற்குள் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"அதான் பிளான் போட்டிருக்கீங்களே சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? முதல் நாளே ஒருத்தர் விடாமல் ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்து, சென்டருக்கு எந்த பஸ் என்று சொல்லி, ஜியோமெட்ரி பாக்ஸில் பென்சில் சீவியிருக்கிறதா என்று பார்த்து அனுப்பிவிட்டேன். சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். மறுநாள் காலையில் போனை அணைத்து வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

என் சென்டர் அடையாறில் ஒரு பள்ளிக்கூடம். வாசலில் போய் நின்றால் எங்கள் டுட்டோரியல் பையன்கள் நாலைந்து பேர் அங்கேயே நிற்கிறார்கள்.

"அக்கா! எங்களுக்கு ஸ்கேல் குடுக்க வந்தீங்களா?"

"இல்லடா. நானும் எழுதத்தான் வந்தேன்."

"சும்மா சொல்லாதீங்கக்கா!"

ஹால் டிக்கெட்டைக் காட்டினேன். ஒருவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தன் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து என்னிடம் கொடுத்தான். இன்னொருவன், "ஆபீசுக்குப் போன் அடிச்சேன்கா, அடிச்சுக்கினே கீது, யாரும் எடுக்கல" என்றான். என் காதில் தேன் பாய்ந்தது. அந்தக் கறுப்பு போன் என் காலி நாற்காலிக்கு எதிரே அடித்து அடித்து ஓய்வதை நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். கிராஃபும் ஜியோமெட்ரியும் முழுசாகப் போட்டேன். பெரிய கணக்குகளில் தெரிந்தவரைக்கும் போட்டேன். ஒரு கணக்கு பாதியில் நின்றது. சார் சிரித்ததை நினைத்துப் பார்த்தேன், அப்போதும் அது வரவில்லை.

மறுநாள் மகன் குதித்தார். "எங்க போனீங்க? ஆபீஸ் நாறிப் போச்சு! ஒருத்தருக்கும் ஒண்ணும் தெரியல!"

"சொந்த வேலை சார்."

"இன்னொரு தடவை இப்படிப் பண்ணீங்கன்னா இந்த மேஜை உங்களுக்கு இல்ல."

"சரி சார்" என்றேன், தலையைக் குனிந்துகொண்டுதான். பதுங்கின பூனை பாயும் என்று அவருக்கு எங்கே தெரியப் போகிறது.

ரிசல்ட் அன்றைக்குக் கோயில் ஹாலில் மிஸ்ஸின் போனைச் சுற்றி நின்றோம். நாற்பத்தொன்று. பாஸ். ஆட்டோக்காரர் விசிலடித்தார். அவருக்கு முப்பத்தாறு. "பாத்தியா யக்கா, மீட்டர் கரிக்ட்டா ஓடிச்சு" என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்தோஷமா, ஆத்திரமா என்று கேட்டால் எனக்கே தெரியாது. டுட்டோரியலில் கொண்டுபோய் விட்ட அப்பா இல்லாமல் போன பிறகு பாஸாகியிருக்கிறேனே என்றும் அழுதேன்.

மறுநாள் காலை. ராஜினாமா சொல்ல நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு பாண்டி பஜாரில் இறங்கி நடந்து வருகிறேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. எங்கள் படிக்கட்டு வாசலில் புது ஃப்ளெக்ஸ். நடுவில், மற்ற எல்லோரையும்விடப் பெரிதாக, என் முகம்!

அடப்பாவி! பரீட்சை ஹாலில் என்னைப் பார்த்த பையன்களில் ஒருவன் போட்டோ கொடுக்க வந்த இடத்தில் சொல்லியிருக்கிறான். மகன் உடனே என் ரிசல்ட்டைத் தேடிப் பார்த்து, என் அடையாள அட்டைப் போட்டோவை எடுத்துப் போட்டு அடித்துவிட்டார். 'எங்கள் மாணவி, எங்கள் ஊழியர்! வயது தடையல்ல! அட்மிஷன் நடைபெறுகிறது!' நான் அவர்கள் வகுப்பில் ஒரு நாளாவது உட்கார்ந்தேனா? சாயங்காலம் சாயங்காலம் கண் எரிய எரிய நான் படித்ததை, ஒரு ராத்திரியில் துணியில் அடித்துத் தன் வாசலில் கட்டிக்கொண்டார்கள். நம்ம படிக்கட்டு ஏறினவன் எல்லாம் நம்ம பையன்தானே.

கயிற்றை அறுத்துப் போட்டுவிட வேண்டும் என்று கை வைத்தேன். அதற்குள் சார் படி இறங்கி வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியாம்மா! எழுது எழுதுன்னு நான் எத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி வாய் வரைக்கும் வந்தது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். கயிற்றிலிருந்து கையையும் எடுத்தேன். தொங்கட்டும், நன்றாகத் தொங்கட்டும் என்று தோன்றிவிட்டது. மேலே போனேன். மகன் எழுந்து கை நீட்டினார்.

"கங்கிராட்ஸ் அக்கா! உங்க போட்டோவ வெச்சே இந்த சீசன ஓட்டிடலாம்."

"இன்னையோட நான் நின்னுக்கிறேன் சார்."

"ஏன்? எங்க போறீங்க?"

"டென்த் பாஸ் சார் நானு. வேற எடத்துல வேலை குடுத்துட்டாங்க."

அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் தமிழ் போதாது. சட்டென்று அவருக்கு அந்த மீட்டிங் ஞாபகம் வந்துவிட்டது. அதைக் கண்ணால் பார்த்தேன். பேனாவை மேஜையில் வைத்துவிட்டு இறங்கினேன். கீழே பாத்திரக்கடை அண்ணாச்சி ஃப்ளெக்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா இது, ஒம் மூஞ்சிய இங்கன தொங்க விட்டுட்டு நீ எங்க போறே?" என்றார். எங்கே போகிறேன் என்று விலாசத்தோடு சொல்லிவிட்டுப் போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. அவர்களே செய்துகொண்டார்கள். ஃபெயிலான பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றவர்கள் வருகிற மாசம் அது. ரங்கநாதன் தெருவில், உஸ்மான் ரோட்டில் துணிக்கடையில் நிற்கிற பெண்கள் வேலைக்குப் போகிற வழியில் என் முகத்தைப் பார்த்திருக்கிறார்கள். நம் வயசு, நம் மாதிரி முகம், பாஸாகியிருக்கிறதே என்று மாடி ஏறிப் போய், "போர்டுல இருக்கிற அக்கா எங்க? அவங்க கிட்டத்தான் சேரணும்" என்று கேட்டிருக்கிறார்கள். லீவில் இருக்கிறாள், வருவாள் என்று மாடியில் சொல்லியிருக்கிறார்கள். இறங்கி வந்தவர்களிடம் அண்ணாச்சி, "அந்தப் பிள்ள மயிலாப்பூர்ல கோயில் ஹால்ல இருக்கு, அங்க போங்க" என்றிருக்கிறார். இரண்டு வாரத்தில் எங்கள் பெஞ்சு போதவில்லை. அவர்கள் செலவில் அவர்கள் வாசலிலேயே எனக்கு விளம்பரம். அந்த ஃப்ளெக்ஸை அவர்கள் கழற்றும்போது வெயிலில் என் முகம் வெளுத்தே போயிருந்ததாம்.

மிஸ் பெங்களூர் போகிற அன்றைக்கு நான்தான் பயந்தேன். வகுப்பு என்னவோ நிற்கவில்லை. முதலில் வந்த சமையல்கார அக்கா போர்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள். நான் அடுத்து பன்னிரண்டாவது எழுதப் போகிறேன், பரீட்சை நாட்களில் வர முடியாது, யார் பாத்துப்பீங்க என்று கேட்டதற்கு, "நாங்க இன்னாத்துக்கு கீறோம்? நீ போய் எய்திட்டு வா யக்கா" என்றார், பாஸான பிறகும் வந்துகொண்டிருந்த ஆட்டோக்காரர். லீவு கேட்டு அப்படி ஒரு பதிலை நான் என் வாழ்க்கையில் கேட்டதில்லை.

சாரின் போன் அடுத்த சீசனில் வந்தது. சாயங்காலம், வகுப்பு நடந்துகொண்டிருக்கிறது. பெயரைப் பார்த்ததும் சாக்பீஸை வைத்துவிட்டு எடுத்தேன். குரல் தளர்ந்துபோயிருந்தது.

"ஏம்மா, நல்லா இருக்கியா? இங்க ஒண்ணும் சரியில்லம்மா. மூணு பேர மாத்திட்டான் பையன். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வந்துடுச்சு, ஒருத்தருக்கும் ஒரு எழவும் தெரியல. ஒரே ஒரு தடவை வந்து பாத்துக் குடுத்துட்டுப் போயிடும்மா."

எத்தனை நாள் இந்தக் குரலுக்காகக் காத்திருந்தேன்! பேச வேண்டியதை எல்லாம் பஸ்ஸில் வரும்போது எத்தனை தடவை பேசிப் பார்த்திருக்கிறேன்! எல்லாம் மறந்துபோயிற்று. ஒன்றுதான் வந்தது.

"பிளான்ல என்ன போட்டிருக்கு சார்?"

"என்ன பிளானு?"

"அன்னைக்கு கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தர் வந்து போட்டாரே. யாரு இல்லேன்னா யாரு பாத்துப்பாங்கன்னு."

காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. பிறகு மெல்ல, "அக்கா பாத்துப்பாங்கன்னுதாம்மா போட்டிருக்கு" என்றார்.

"அந்த டென்த் ஃபெயில் அக்கா இப்ப இல்ல சார்."

வைத்துவிட்டேன். எனக்குப் பாவமாக இருந்ததா என்று கேட்கிறார்கள். இல்லை. ஒரு துளிகூட இல்லை. பெஞ்சிலிருந்து எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"யாரு யக்கா போன்ல?" என்றார் ஆட்டோக்காரர்.

"ராங் நம்பர்" என்றேன்.

துணிக்கடைப் பெண்ணொருத்தி அப்போதுதான் வேலை முடிந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அவளுக்குச் சொல்லித் தர வேண்டிய முறை என்னுடையது. கிராஃப் தாளை எடுத்து அவள் முன்னால் விரித்தேன். மேஜை மேல் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, முதல் புள்ளியை எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டினேன்.